முரண் வேறு, மறதி வேறு

கணினி விளையாட்டுகளின் கற்பனை உலகங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதல் அணியினரைக் கணக்குப்பிள்ளைகள் எனலாம். ஒரு பாகத்தில் சொல்லப்பட்ட ஆண்டோ, ஊரோ, மன்னனின் பிறப்போ அடுத்த பாகத்தில் மாறியிருந்தால் உடனே அதைக் குறித்து வைத்துக்கொண்டு, படைத்த நிறுவனம் அதிகாரபூர்வமான ஒரு காலவரிசையை வெளியிட்டு ஐயத்தைத் தீர்த்துவைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இவர்கள். இரண்டாம் அணியினர் வழக்கறிஞர்கள். எந்த முரண்பாட்டைச் சுட்டினாலும், அது நம்பகமற்ற கதைசொல்லியின் கூற்று என்றும், அதுவே பிரதியின் ஆழம் என்றும் வாதாடிக் கட்சிக்காரரை விடுவித்துவிடுபவர்கள். முன்னவர்கள் எல்லா முரணையும் பிழை என்கிறார்கள். பின்னவர்கள் எல்லாப் பிழையையும் முரண் என்கிறார்கள். நாம் இரு சாராரையும் மறுக்கிறோம். இவர்களுள் வழக்கறிஞர்களால் விளையும் கேடே பெரிது என்பதும் நம் கட்சி.

இதை நிறுவ எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்னும் விளையாட்டு வரிசையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெத்தஸ்டா நிறுவனம் 1994இல் அரீனா என்ற பாகத்தோடு தொடங்கியது இது. 1996இல் டாகர்ஃபால், 2002இல் மோரோவிண்ட், 2006இல் ஆப்லிவியன், 2011இல் ஸ்கைரிம் என வளர்ந்து, 2014இல் பலரும் ஒருங்கே ஆடும் இணையவழிப் பாகம் ஒன்றையும் கண்டது. டாம்ரியல் என்னும் கற்பனைக் கண்டமும் அதில் வாழும் பல இனங்களும் அவர்களின் பல்லாயிரம் ஆண்டு வரலாறும் இதன் களம்.

இவ்விளையாட்டை ஆடியறியாத வாசகருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் வரலாறு நமக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதே இதன் தனிச்சிறப்பு. விளையாட்டினுள் வீடுகளிலும் கோயில்களிலும் கல்லறைகளிலும் நூல்கள் கிடக்கின்றன. எடுத்துப் பிரித்துப் படிக்கலாம். மறைநூல்கள், அரச வரலாறுகள், அவதூறுப் பிரசுரங்கள், பயணக் குறிப்புகள், நாடகங்கள் என அவை பல வகை. பெரும்பாலானவற்றுக்கு அந்த உலகத்துக்குள்ளேயே ஓர் ஆசிரியர் உண்டு. அவருக்கு ஓர் இனம், ஒரு சமயம், ஒரு பகை, ஒரு சம்பளம் உண்டு. ஆக, வரலாற்றைப் பொறுத்தவரை ஆசிரியர் கூற்று என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. யாவும் பாத்திரங்களின் கூற்றே. நம் அகப்பாடல்களுக்குக் கூற்று வகுத்த பழையோர், இதைச் சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார், எந்தச் சூழலில் சொல்கிறார் என்றே முதலில் கேட்டார்கள். அந்தப் பழக்கம் உள்ள வாசகருக்கு இந்த விளையாட்டு அன்னியமாகப் படாது.

மோரோவிண்ட் இந்த முறையின் உச்சம். கதையின் மையத்தில் ஒரு பழைய போர் இருக்கிறது, செம்மலைப் போர். ட்வெமர் எனப்படும் இனத்தார் மலையின் அடியில் இறந்துபோன ஒரு தெய்வத்தின் இதயத்தைக் கண்டெடுக்கிறார்கள். அதிலிருந்து ஆற்றலை இறக்கிக்கொள்ளக் கருவிகளும் செய்கிறார்கள். அவர்களை எதிர்த்துப் படை நடத்தியவன் நெரெவார். போர் முடிந்தபோது மூன்று செய்திகள் எஞ்சுகின்றன. ட்வெமர் இனம் ஒரே கணத்தில் மறைந்துபோயிற்று. நெரெவார் இறந்துவிட்டான். அவனுடைய நெருங்கிய துணைவர் மூவர், விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில் ஆகியோர், சில காலத்தில் தெய்வங்கள் ஆகிவிட்டார்கள். நெரெவார் எப்படி இறந்தான் என்பதுதான் கேள்வி.

கோயில் சொல்கிறது: போரில் பட்ட காயங்களால் இறந்தான், மூவரும் தம் அறத்தால் தெய்வமானார்கள். சாம்பல் நிலத்து நாடோடிகள் வழிவழியாகச் சொல்வது வேறு: மூவரும் சேர்ந்து சதி செய்து அவனைக் கொன்றார்கள், பிறகு, தொடுவதில்லை என்று அவனுக்குச் சத்தியம் செய்துகொடுத்த அதே கருவிகளைக் கொண்டு தெய்வமானார்கள். கோயிலிலிருந்து பிரிந்த குருமார்கள் மறைக்கப்பட்ட ஆவணங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதற்காகக் கோயிலின் காவலர்களால் வேட்டையாடப்படுகிறார்கள். மலைக்குள்ளிருக்கும் எதிர்த்தலைவன் டேகோத் ஊர் இன்னொன்று சொல்கிறான்: காக்கச் சொன்ன பொருளைக் காத்து நின்ற தன்னை நெரெவாரே வெட்டி வீழ்த்தினான் என்று. ட்வெமரில் உயிரோடு எஞ்சியிருப்பதாக நாம் சந்திப்பவன் ஒருவன், யாக்ரம் பகார்ன். அவனையும் கேட்கலாம். ஆனால் தன் இனம் மறைந்த நேரத்தில் அவன் வேறோர் உலகில் இருந்தான், அவனுக்கும் தெரியாது. சாட்சி இருக்கிறான், பார்க்கவில்லை.

இவை அனைத்தினும் வியப்பானது விவெக் எழுதியதாக வரும் முப்பத்தாறு உபதேச நூல்கள். நாடெங்கும் சிதறிக் கிடக்கும் அவை மேற்பார்வைக்குத் தற்புகழ்ச்சியும் புதிரும் கலந்த தெய்வ வரலாறு. ஆனால் இருபத்தொன்பதாம் உபதேசத்தில் வரும் எண்களைச் சாவியாகக் கொண்டு ஒவ்வோர் உபதேசத்திலும் அந்தந்த எண்ணுக்குரிய சொல்லை எடுத்துக் கோத்தால் ஒரு வாக்குமூலம் வெளிப்படுகிறது. அவன் பிறவித் தெய்வம் அல்லன், யாரும் விதித்தபடியன்றித் தானே தேர்ந்து செய்தான், தெய்வநிலையைத் திருடினான், தன் தலைவனைக் கொன்றான். எழுதியவன் விவெக்.

இவ்வளவு சான்றுகளை முன்வைத்த பின்னும் விளையாட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. வாக்குமூலமும் ஒரு பிரதிதானே, அதையும் ஐயுறலாம். ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. இங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய்க்கு ஒரு வயிறும் இருக்கிறது. கோயில் பொய் சொல்வதால் அதற்கு அதிகாரம் கிடைக்கிறது. நாடோடிகள் தம் பாட்டைக் காப்பதால் தம் நிலத்தின் மீதான உரிமையைக் காக்கிறார்கள். பிரிந்த குருமார்கள் தம் உயிரையே விலையாகக் கொடுக்கிறார்கள். முரண்பாட்டை அந்த உலகத்து மனிதர்களே அறிந்திருக்கிறார்கள். அதற்காக ஒளிகிறார்கள், அடிபடுகிறார்கள், சாகிறார்கள். இதைப் பிழை என்று பட்டியலிடும் கணக்குப்பிள்ளை ஒரு வழக்கின் இரு சாட்சியங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு எழுத்துப் பிழை திருத்துகிறவர்.

பின்னர் வந்த ஸ்கைரிமிலும் இந்த மரபின் ஒரு கீற்று உண்டு. கலகத் தலைவன் உல்ஃப்ரிக், மன்னன் டோரிக்கைக் கொன்றது மரபுப்படியான தனிச்சமரா, படுகொலையா? மந்திரக் கூவலால் மன்னனைச் சிதறடித்தான் என்கிறது அரண்மனைத் தரப்பு. கூவலால் வீழ்த்தினேன், கொன்றது என் வாள்தான் என்கிறான் உல்ஃப்ரிக். ஒரு நாடு உள்நாட்டுப் போரில் இறங்கியிருப்பதே இந்த வேறுபாட்டின் மேல்தான். அளவில் சிறியதானாலும் அதுவும் உயிருள்ள முரண்.

இனி அடுத்த வகைக்கு வருவோம். டாகர்ஃபாலில் ஒரு பேரியந்திரத்தை யார் கையில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு ஆடுபவரிடம் விடப்பட்டது. பேரரசனிடம் தரலாம், ஓர்க் இனத்தின் தலைவனிடம் தரலாம், தெய்வமாகத் துடிக்கும் பிணமந்திரவாதியிடமும் தரலாம். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு முடிவு. ஒன்று நிகழ்ந்தால் மற்றொன்று நிகழ்ந்திருக்க முடியாது. அடுத்த பாகத்தை எழுதும்போது எந்த முடிவை உண்மையென்று கொள்வது? எழுதியவர்கள் எல்லாமே நிகழ்ந்தன என்று துணிந்தார்கள். காலமே ஓரிடத்தில் முறிந்து, ஒவ்வாத நிகழ்ச்சிகள் யாவும் ஒருங்கே நடந்தேறின. 40க்கும் மேற்பட்ட சிற்றரசுகள் இருந்த இடத்தில் நான்கு மட்டும் மிஞ்சின. இத்தகைய காலமுறிவுக்கு டிராகன் முறிவு என்று பெயர். ஆப்லிவியனில் வரும் ஒரு சிறு நூலில் ஒற்றர் படையின் ஆவணக் காப்பாளர் ஒருவர், ஒன்றோடொன்று பொருந்தாத அறிக்கைகளை வைத்துக்கொண்டு நடந்தது என்னவென்று கோக்கத் தடுமாறுகிறார். அதற்கு முன்பே மோரோவிண்டில், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் நீடித்ததாகச் சொல்லப்படும் பழைய முறிவொன்றைப் பற்றிப் பல இனத்தார் தத்தம் நினைவைச் சொல்லும் நூல் உண்டு.

இந்தத் துணிவை நாம் பாராட்டுகிறோம். முந்தைய பாகத்தை ஆடிய ஒவ்வொருவரின் தேர்வையும் மதித்து, எவருடைய கதையையும் பொய்யாக்காமல் முன்செல்ல ஒரு வழி கண்டார்கள். அதற்குரிய விலையையும் அந்த உலகமே கொடுத்தது: எல்லைகள் அழிந்தன, சாட்சிகள் குழம்பினர், அரசின் ஆவணங்கள் நொறுங்கின. ஆனால் இதுவே கேட்டுக்கும் வித்தாயிற்று. அரிய நோய்க்கு ஒருமுறை கொடுத்த மருந்தை வழக்கறிஞர்கள் அன்றாடச் சோறாக்கிவிட்டார்கள். ஒரு தேதி இடிக்கிறதா? டிராகன் முறிவு. ஓர் அரசனுக்கு இரண்டு பிறப்பிடங்களா? டிராகன் முறிவு. எதையும் விளக்கும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை.

வழக்கறிஞர்களின் முறைக்குச் சரியான சோதனை சிரோடீல் காடு. 1998இல் ரெட்கார்ட் என்னும் பாகத்தோடு அச்சில் தரப்பட்ட பேரரசுக் கையேட்டில், பேரரசின் நடுநாடாகிய சிரோடீல் பெரும்பகுதி முடிவற்ற அடர்காடு என்று வருணிக்கப்பட்டது. நெல் விளையும் ஆற்றுப்படுகை, பட்டு, முன்னோரின் ஆவியாக விட்டிலைப் போற்றும் குருமார் என அந்நாட்டுக்கு ஒரு தனி முகம் இருந்தது. 2006இல் ஆப்லிவியன் வெளிவந்தது; கதை நடப்பதே சிரோடீலில். காட்டைக் காணோம். மிதமான தட்பவெப்பத்தில் பசும்புல் மேடுகளும், நடுக்கால ஐரோப்பியக் கோட்டைகளும், எங்கோ பார்த்த சிற்றூர்களும் இருந்தன.

இதற்கு வந்த ஒட்டுகளைப் பார்ப்போம். முதல் ஒட்டு ஆப்லிவியனுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு தீநெறிக் குழுவின் மறைநூல், உயர்ஞானம் பெற்றவர் நிலத்தையே மாற்றவல்லார் என்று சொல்லி, முன்பு காடாயிருந்த மன்னனின் நாட்டைச் சான்றுகாட்டிச் செல்கிறது. இரண்டாவது ஸ்கைரிமில்: தாலோஸ் என்று தெய்வமாகிவிட்ட பேரரசன் டைபர் செப்டிம், தன் படைவீரர்கள் காட்டை வெறுத்ததைக் கண்டு, அவர்கள்மேல் கொண்ட அன்பினால் தன் மூச்சால் நாட்டை மாற்றியமைத்தான் என்று தெருவில் நின்று ஒரு போதகன் முழங்குகிறான். மூன்றாவது 2014இன் இணையவழிப் பாகத்தில்: சிரோடீலைக் காடு என்றது ஏட்டைப் படியெடுத்தவரின் பிழையாக இருக்கலாம் என்று ஒரு பெண் அறிஞர் கட்டுரை எழுதுகிறார்.

இவற்றுள் இரண்டாவது ஒட்டு அழகானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வீரர்களின் வியர்வைக்கு இரங்கிப் பருவத்தையே திருத்திய தெய்வம் என்பது நல்ல கற்பனை. ஆனால் அந்த இணையவழிப் பாகத்தின் கதை நிகழும் காலம் டைபர் செப்டிம் பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது. அங்கேயும் சிரோடீல் புல்வெளிதான். தெய்வம் பிறக்குமுன்பே தெய்வச் செயல் நடந்துமுடிந்துவிட்டது. படியெடுத்தவர் பிழை என்பது உண்மையானால் போதகனின் முழக்கத்துக்கும் மறைநூலின் குறிப்புக்கும் பொருளில்லை. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டதில் துணியே கிழிந்துவிட்டது.

இங்கும் வழக்கறிஞர் எழுந்து, மூவருமே நம்பகமற்ற கதைசொல்லிகள் என்பார். அப்படியானால் நாம் கேட்கிறோம்: தன் தலைநகரைச் சூழ்ந்த நாடு காடு என்று ஒரு பேரரசு தன் குடிகளிடமே பொய் சொல்வானேன்? யாருக்கு என்ன லாபம்? சன்னலைத் திறந்தால் தெரிந்துவிடும் பொய்யை யார் சொல்வார்? நெரெவாரின் சாவைப் பற்றிப் பொய் சொன்னால் ஒரு கோயில் நிற்கும். காட்டைப் பற்றிப் பொய் சொன்னால் ஒரு குடிசைகூட நிற்காது. பாடபேதங்களை ஒப்புநோக்கியவர் எவரும் அறிவர்: கொள்கைக்காகச் செருகப்பட்ட வரி ஒன்று, கண் அயர்ந்ததால் விடுபட்ட வரி மற்றொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது பதிப்பு வேலை ஆகாது.

மறதியை மறதி என்றே சொல்லிவிடுவதால் படைப்பாளியின் தலை உருண்டுவிடாது என்பதற்கு வார்கிராஃப்ட் வரிசையில் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2002இல் வந்த மூன்றாம் பாகத்தின் கையேடு, காவல் தெய்வமாயிருந்த சார்கெராஸ் கெட்டுப்போனதற்கு எரெடார் என்னும் தீய இனத்தைச் சந்தித்ததும் ஒரு காரணம் என்றது. 2007இல் வெளிவந்த நீட்சியில் இது தலைகீழாயிற்று: எரெடார் நல்லவர்கள், அவர்களைக் கெடுத்ததே சார்கெராஸ்தான். அந்த நீட்சி வெளிவருமுன்பே, 2006இல், வாசகர்கள் முரணைச் சுட்டியபோது, கதைக்குப் பொறுப்பான கிறிஸ் மெட்சன் டிராகன் எதையும் முறிக்கவில்லை. முன்பு எழுதியதும் தாமே, மறந்துபோனதும் தாமே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். புதிய கதை பழையதைவிட நன்றாக இருந்ததால் அது நிலைத்தது. வாசகரை அறிவுள்ளவராக மதித்த செயல் அது.

கணக்குப்பிள்ளைகள் கேட்கும் வரத்தைப் பெற்றால் என்னவாகும் என்பதற்கு நின்டெண்டோவின் செல்டா வரிசையைப் பார்க்கலாம். ஒரே இளைஞன், ஒரே இளவரசி, ஒரே தீயவன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் மீண்டும் சொல்லப்படும் பழங்கதையின் தன்மை கொண்டது அது. நச்சரிப்புக்குப் பின் 2011இல் ஜப்பானில் ஓர் அதிகாரபூர்வ வரலாற்று நூல் வந்தது. 1998இன் ஒக்கரினா பாகத்தோடு காலம் மூன்று கிளைகளாகப் பிரிகிறது என்று அதில் வரைந்து காட்டினார்கள். மூன்றில் ஒரு கிளை, அந்தப் பாகத்தில் நாயகன் தோற்று மடிந்தால் விளைவது. அந்தப் பாகத்தின் கதையில் எங்கும் இடம்பெறாத நிகழ்ச்சி. 2018இல் அந்த வரிசையிலும் சில பாகங்கள் இடம் மாறின. 2023இல் வந்த பாகமோ அரசு நிறுவப்பட்ட கதையையே புதிதாகச் சொல்லி, பழைய வரைபடத்தில் தன்னை எங்கே வைப்பதென்று மீண்டும் சண்டை மூட்டியது. பாட்டி ஒரே கதையை இருமுறை வேறுவேறாகச் சொன்னால் அதற்குக் கிளைப்படம் வரையும் குழந்தை கதை கேட்கத் தெரியாத குழந்தை.

நம்மை நோக்கி இரண்டு மறுப்புகள் வரக்கூடும். பல கைகள் சேர்ந்து முப்பது ஆண்டுகளாகக் கட்டும் வணிகப் பண்டத்தில் பிழை தவிர்க்க முடியாதே என்பது ஒன்று. உண்மை, தவிர்க்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. பிழையைப் பிழையென்று வாசிக்க வேண்டும் என்றே கேட்கிறோம். பழம்பெரும் தொகைகளையும் பல கைகள்தான் ஆக்கின; அதற்காக எழுத்தர் தூங்கி வழிந்த இடத்துக்கெல்லாம் தத்துவ விளக்கம் எழுதுவது உரை ஆகிவிடாது. விளையாட்டுதானே, இதற்கு இத்தனை வாதமா என்பது மற்றொன்று. ஒரு தலைமுறை சாட்சியத்தை எடைபோடும் பழக்கத்தைப் பாடநூலில் கற்றதைவிட இத்தகைய உலகங்களில் மிகுதியாகக் கற்றிருக்கிறது. கற்ற முறை தவறாயிருந்தால் அது விளையாட்டோடு நிற்காது.

முரணைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதைச் சொன்ன வாய் எது? சொன்னதால் அதற்கு ஆவது என்ன? இந்த முரண் அவ்வுலகத்தில் யாரையேனும் சுடுகிறதா? மூன்றுக்கும் விடை இருந்தால் அது முரண், அதனுள் இறங்கலாம். ஒன்றுக்கும் விடை இல்லையென்றால் அது மறதி, சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். மறதியைக் காக்க முரணின் பெயரை இரவல் வாங்கும்போது நட்டம் மறதிக்கு இல்லை, முரணுக்குத்தான்.

ஏனெனில், எல்லாக் கதைசொல்லிகளும் ஒரே அளவில் நம்பத்தகாதவர்கள் என்று தீர்த்துவிட்டால் செம்மலையின் கொலையும் ஒரு 'கோணம்' ஆகிவிடுகிறது. கோயிலின் கூற்று ஒரு கோணம், ஒளிந்து வாழும் குருமாரின் கூற்று ஒரு கோணம், காட்டைப் பற்றிய கையேடும் ஒரு கோணம். இப்படிச் சமன்செய்வதை நடுநிலை என்று நம் வழக்கறிஞர்கள் எண்ணுகிறார்கள். எல்லாமே கோணம்தான் என்ற தீர்ப்பினால் முதலில் விடுதலையாகிறவன் கொலையாளி. அந்தக் கோயில் பலகாலமாக வேண்டி நின்றதும் இந்தத் தீர்ப்பையே.

விவெக்கை இந்த வழக்கறிஞர்களைவிடப் பெரிய மனிதனாகவே நாம் கருதுகிறோம். தெய்வமாகிவிட்ட பிறகும் அவன் தன் குற்றத்தை முப்பத்தாறு நூல்களுக்குள் சொல் சொல்லாகப் பிரித்து ஒளித்து, எண்களையும் அருகிலேயே விட்டுச் சென்றான். எல்லோரும் பொய்யர்களே என்று தோளைக் குலுக்குகிறவருக்கு அது ஒருநாளும் அகப்படாது. யாரோ ஒருவர் பொறுமையாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பார் என்று நம்பித்தான் அவன் அதை அங்கே வைத்தான்.